பழகிப்போகுமா, டாக்டர்?

போன இதழில் மலச்சிக்கல் பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்கள் தனிப் பகுதி கேட்கின்றன. சர்க்கரை, பி.பி. என்றால் பெயர், முகவரி, ரத்தப் பரிசோதனை நகல் வரை சேர்த்து அனுப்புகிற வாசகர்கள் இதற்கு மட்டும் கையெழுத்துப் போடத் தயங்குகிறார்கள். பெயர் வேண்டாம், வயதும் ஊரும் போதும். கீரை, தண்ணீர், காலை நடை எல்லாம் செய்து பார்த்தும் தீராதவர்களுக்கு, மாதக்கணக்கில் வருடக்கணக்கில் மருந்தோடு வாழ வேண்டியவர்களுக்கு, இந்த வாரப் பக்கம்.

58 வயது, விருதுநகர்: எட்டு வருட மலச்சிக்கல். டாக்டர் கொடுத்த மருந்து நன்றாகக் கேட்கிறது. ஆனால் ‘தினமும் சாப்பிட்டால் குடல் சோம்பேறியாகிவிடும், அப்புறம் மருந்து இல்லாமல் போகவே முடியாது’ என்று தெரிந்தவர்கள் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். நிறுத்திவிடட்டுமா?

நிறுத்தாதீர்கள் ஐயா. பி.பி. உள்ளவர் மாத்திரையை விட்டால் பி.பி. ஏறுகிறது. ‘மாத்திரைக்கு அடிமையாகிவிட்டார்’ என்று அவரை யாரும் சொல்வதில்லை. மலச்சிக்கல் மருந்தை விட்டதும் மலச்சிக்கல் திரும்பினால் மட்டும் பழி மருந்தின் மேல் விழுகிறது. வியாதி உள்ளே இருக்கிறது, மருந்து அதை அடக்கி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1940-களில், பல வருடம் கடும் பேதி மருந்துகளை விழுங்கியவர்களின் பெருங்குடலை பேரியம் எக்ஸ்ரேயில் பார்த்தபோது, மடிப்புகள் மறைந்து தொளதொளவென்று தெரிந்தது. மருந்துதான் குடலைக் கெடுத்தது என்று எழுதிவைத்தார்கள். அந்தக் காலத்துப் பேதி மருந்துகளில் போடோஃபிலின் போன்றவை இருந்தன. நரம்புக்கே தீங்கு செய்யக்கூடிய அந்தச் சரக்கை இன்று யாரும் மலச்சிக்கலுக்குக் கொடுப்பதில்லை. 2005-ல் ஜெர்மனியின் முல்லர்-லிஸ்னரும் அவர் குழுவினரும் மலச்சிக்கலைப் பற்றிய நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். உரிய அளவில் சாப்பிடும் இன்றைய மலமிளக்கிகள் குடலைக் கெடுக்கின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது அதில் ஒரு முடிவு.

ஆபத்து அளவு மீறும்போது வருகிறது. உடம்பு இளைக்க வேண்டும் என்று கைநிறையப் பேதி மாத்திரை போடுகிற இளம்பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தடுமாறும் நிலையில் வருவார்கள். உங்கள் கதை அது இல்லை. டாக்டர் சொன்ன அளவில் தொடருங்கள்.

31 வயது, ஈரோடு: இரவு பேதி மாத்திரை போட்டால் மறுநாள் நாலைந்து தடவை போகிறது. அப்புறம் மூன்று நாள் ஒன்றுமே இல்லை. மறுபடி மாத்திரை. இதுதானே அடிமைத்தனம்?

மறுநாள் முழுக் குடலும் காலியாகிவிட்டது தம்பி. திரும்ப நிறைய இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த இடைவெளியில் எதுவும் வராதது இயற்கை. அதை மலச்சிக்கல் என்று நினைத்து அடுத்த மாத்திரை போடுகிறீர்கள். வாரக்கணக்கில் இந்தச் சக்கரம் சுற்றுகிறது.

நீங்கள் போடுவது பிசகோடில் என்று சீட்டில் தெரிகிறது. அது பெருங்குடலைத் தூண்டி அசைய வைக்கும். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் வேலை செய்யும், அதனால்தான் இரவில் போடச் சொல்வது. வயிற்றில் கரையாமல் குடல்வரை போகவேண்டும் என்று மேலே ஒரு பூச்சு இருக்கிறது. உடைக்கக் கூடாது, மெல்லக் கூடாது, பாலோடும் அமிலம் குறைக்கும் மருந்தோடும் சேர்த்து விழுங்கக் கூடாது. பூச்சு முன்னாலேயே கரைந்தால் வயிற்றைப் பிசையும். நீங்கள் எழுதியிருக்கும் வயிற்றுவலிக்கு இரவுப் பாலே காரணமாக இருக்கலாம்.

இது அவசரத்துக்கு நல்ல மருந்து. தினசரி அடித்தளமாக வேறொன்றை வைத்துக்கொண்டு, இரண்டு நாள் போகவில்லை என்றால் மட்டும் இதை எடுக்கலாம். அந்த வேறொன்று எது என்பதை மதுரை வாசகருக்குக் கீழே சொல்லியிருக்கிறேன்.

29 வயது, சென்னை: தினமும் ஒரு தடவை போயே ஆகவேண்டுமா?

வேண்டாம். நாளுக்கு மூன்று தடவையும் சரி, வாரத்துக்கு மூன்று தடவையும் சரி. கஷ்டமில்லாமல் போகிறதா என்பதே கேள்வி.

மருத்துவர்கள் கையில் ‘ரோம்’ என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. அதன் நான்காம் பதிப்பு 2016-ல் வந்தது. முக்குதல், கட்டி கட்டியாக வருதல், முழுதாகப் போகாத உணர்வு, வழியில் அடைத்த உணர்வு, கையால் உதவ வேண்டிய நிலை, வாரத்துக்கு மூன்றுக்கும் குறைவாகப் போதல் ஆகிய ஆறில் குறைந்தபட்சம் இரண்டு இருந்து, அவை மூன்று மாதமாகத் தொடர வேண்டும், தொந்தரவு ஆரம்பித்து ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். எண்ணிக்கை ஆறில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். தினமும் போகிறவருக்கும் மலச்சிக்கல் இருக்கலாம்.

44 வயது, தூத்துக்குடி: மாத்திரை வேண்டாம் என்று நிலாவாரைச் சூரணத்துக்கு மாறிவிட்டேன். மூலிகை என்பதால் எவ்வளவு நாளும் சாப்பிடலாம் அல்லவா?

உங்கள் மண்ணின் பயிரைப் பற்றிக் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து வறண்ட நிலத்தில் விளையும் நிலாவாரைக்கு உலக மருந்து நூல்களில் ‘டின்னவேலி சென்னா’ என்றே பெயர். எகிப்துச் சரக்குக்கு அலெக்சாண்டிரியா பெயர், நம் சரக்குக்கு நெல்லைப் பெயர். உங்கள் துறைமுகம் வழியாகத்தான் கப்பல் கப்பலாகப் போனது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னா இடம்பெற்றிருக்கிறது.

ஆனால் நீங்கள் மாத்திரையை விட்டுவிட்டு மாறியிருப்பது வேறு ஒரு பொருளுக்கு இல்லை. கடையில் விற்கும் சென்னா மாத்திரையும் சூரணமும் ஒரே சென்னோசைடைத்தான் சுமக்கின்றன. பெருங்குடலில் வாழும் பாக்டீரியா அதை உடைத்துச் செயல்பட வைக்கிறது. குடல் சுருங்குகிறது, நீர் சுரக்கிறது. மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அச்சடித்திருக்கும். சூரணத்தில் ஒரு ஸ்பூன் என்றால் இன்று எவ்வளவு, நாளை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. மருந்தாக எடுப்பதாக இருந்தால் அளவு தெரிந்ததை எடுங்கள். குறைந்த அளவில் தொடங்குங்கள். சென்னா பற்றிய நல்ல சோதனைகள் நான்கு வார அளவில்தான் நடந்திருக்கின்றன. அதற்கு மேல் தொடர்வது தவறு என்று சொல்ல மாட்டேன், டாக்டர் பார்வையில் தொடருங்கள்.

இன்னொன்று. வருடக்கணக்கில் சாப்பிட்டவருக்குக் கொலோனோஸ்கோபி செய்தால் குடலின் உட்சுவர் பழுப்பாகத் தெரியும். ‘குடல் கறுத்துவிட்டது’ என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள். அது நிறம் மட்டுமே. மருந்தை விட்டுச் சில மாதங்களில், சிலருக்கு ஒரு வருடத்தில், மங்கிவிடும்.

35 வயது, கோயம்புத்தூர்: நார்ச்சத்து நல்லது என்று ஒரு வருடமாக இசப்கோல் எடுக்கிறேன். இப்போது நாலு ஸ்பூன். வயிறு உப்பிக் கல்லாக இருக்கிறது. இன்னும் கூட்டலாமா?

குறையுங்கள். நான்கு வாரம் சரியாக எடுத்தும் பலனில்லை என்றால் இசப்கோல் உங்களுக்கானது இல்லை.

குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளையும் அந்த உமி தண்ணீரை உறிஞ்சி வீங்கி மலத்துக்குப் பருமன் கொடுக்கும். மிதமான மலச்சிக்கலுக்கு அருமையான மருந்து, விலையும் குறைவு. ஆனால் குடல் மிக மெதுவாக நகரும் சிலருக்கும், வெளியேறும் வழியில் தடை உள்ளவர்களுக்கும் பருமன் கூடுவது தொல்லையையே கூட்டும். ‘இன்னும் நார் சாப்பிடு’ என்ற அறிவுரையால் வருடங்களை இழந்தவர்கள் நிறைய. நார் சாப்பிட்டும் தீரவில்லை என்பதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை.

தொடர்கிறவர்களுக்கு: கலக்கியதும் குடித்துவிடுங்கள், கூடவே ஒரு பெரிய தம்ளர் தண்ணீர். தொண்டையில் சிக்குகிற பழக்கம் உள்ள முதியவர்களுக்குத் தராதீர்கள். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

66 வயது, மதுரை: கொலோனோஸ்கோபிக்கு முன்னால் குடித்து நாள் முழுக்கக் கழிப்பறையில் உட்கார வைத்ததே ஒரு பவுடர், அதையே தினமும் குடிக்கச் சொல்கிறார் டாக்டர். பயமாக இருக்கிறது.

பொருள் ஒன்றுதான், பாலிஎதிலீன் கிளைகால். அன்று நீங்கள் லிட்டர் கணக்கில் குடித்தீர்கள். இன்று ஒரு தம்ளர் தண்ணீரில் 17 கிராம் அளவில் கலக்கப் போகிறீர்கள். அது ரத்தத்தில் சேர்வது மிக மிகக் குறைவு. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு குடல் வழியே போய், மலத்தை இளக்கி, தானும் வெளியேறிவிடும். குடலைப் பிசையாது, தூண்டாது.

நீண்ட கால மலச்சிக்கலுக்கு நான் முதலில் எழுதும் சீட்டு இதுதான். 2007-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஆறு மாதம் தினமும் கொடுத்தார்கள். வெற்றுப் பவுடர் குடித்தவர்களைவிடத் தெளிவான பலன் இருந்தது, ஆறு மாதமும் அது நீடித்தது. 2023-ல் அமெரிக்காவின் இரண்டு குடல்நோய் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில் அழுத்தமான பரிந்துரை பெற்ற மருந்துகளில் இதுவும் ஒன்று. நார்ச்சத்து, லாக்டுலோஸ், சென்னா, மக்னீசியம் ஆக்சைடு எல்லாம் அதற்கு ஒரு படி கீழே.

முதல் நாளே பலன் எதிர்பார்க்காதீர்கள், இரண்டு மூன்று நாள் கொடுங்கள். அதிகம் இளகினால் அளவைப் பாதியாக்குங்கள், ஒன்றுவிட்ட ஒரு நாள் கூடக் குடிக்கலாம். உப்புச் சேர்த்ததும் சேர்க்காததும் கடையில் இருக்கின்றன. இதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் எது என்று கேட்டு வாங்க வேண்டும்.

லாக்டுலோஸ் பாகு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதுவும் தண்ணீரை இழுக்கும் மருந்துதான், பாதுகாப்பானதுதான். பெருங்குடல் பாக்டீரியா அதைப் புளிக்க வைப்பதால் காற்று சேரும், வயிறு பொருமும். அந்தத் தித்திப்புப் பிடிக்காமலே பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். கர்ப்பிணிகளுக்கு இரண்டில் எதையும் தரலாம்.

39 வயது, தஞ்சாவூர்: என் மாமியாருக்கு 82 வயது, படுத்த படுக்கை. இரவில் படுத்தபடியே வெள்ளை மருந்து இரண்டு மூடி கொடுக்கிறோம். சில மாதமாக மலம் தண்ணீராகக் கசிகிறது. நிறுத்த ஒரு மாத்திரையும் கொடுக்கிறோம். சரியா?

அம்மா, இன்றே இரண்டையும் நிறுத்திவிட்டு டாக்டரை வீட்டுக்கு அழையுங்கள்.

அது பேதியாக இல்லாமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஆசனவாய்க்கு உள்ளே மலம் இறுகி அடைத்துக்கொண்டால், மேலே உள்ள இளகிய மலம் அதைச் சுற்றி ஓரமாகக் கசியும். பார்ப்பவருக்குப் பேதி போலத் தெரியும். பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். படுக்கையில் இருக்கும் முதியவர்களிடம் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. டாக்டர் கையுறை போட்டு விரலால் ஒரு முறை பார்த்தால் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடப் பரிசோதனையைச் செய்யாமல் சீட்டு எழுதினால் ‘உள்ளே பார்த்தீர்களா?’ என்று நீங்களே கேளுங்கள். அடைத்திருந்தால் எனிமா கொடுத்தோ, கையால் எடுத்தோ முதலில் காலி செய்ய வேண்டும். பிறகுதான் தினசரி மருந்து.

வெள்ளை மருந்தில் பெரும்பாலும் இருப்பது லிக்விட் பாரஃபினும் மக்னீசியமும். பாரஃபின் ஒரு கனிம எண்ணெய். படுத்தபடி குடிக்கும்போது துளித்துளியாக மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் இருமல்கூட வராது, நுரையீரலில் தங்கி அழற்சி உண்டாக்கும். நீண்ட நாள் கொடுத்தால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் உடம்பில் சேர விடாது. மக்னீசியம் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியது. 82 வயதுச் சிறுநீரகம் அதைத் தேக்கிவைத்தால் தூக்கக் கலக்கமும் தளர்ச்சியும் வரும், இதயமும் பாதிக்கப்படலாம். ‘அத்தை ரொம்ப நேரம் தூங்குறாங்க’ என்று எழுதியிருக்கிறீர்களே, கிரியாட்டினினையும் மக்னீசியத்தையும் பரிசோதித்துவிடுங்கள்.

விழுங்குவதில் சிரமம் இல்லாவிட்டால் பாலிஎதிலீன் கிளைகாலோ லாக்டுலோஸோ, தலையை உயர்த்தி உட்கார வைத்துக் கொடுக்கலாம். இத்தனை மாதமாக முகம் சுளிக்காமல் சுத்தம் செய்து பார்த்துக்கொள்கிற உங்களுக்கு என் வணக்கம்.

52 வயது, நாகர்கோவில்: எனக்கு ஆறேழு வியாதி, பத்து மாத்திரை. மலச்சிக்கலுக்குப் பதினொன்றாவது வேண்டுமா?

முதலில் பத்தையும் பார்ப்போம். இரும்புச்சத்து, கால்சியம், அமிலம் குறைக்க அலுமினியம் கலந்த மருந்து, வலிக்கு டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ அமிட்ரிப்டிலின், இதயத்துக்கு வெராபமில் எல்லாம் குடலை மந்தமாக்கும். பட்டியலில் உங்களுக்கு மூன்று இருக்கின்றன. ஒன்றை மாற்றினாலே பதினொன்றாவது தேவைப்படாமல் போகலாம். தைராய்டு, சர்க்கரை, ரத்தக் கால்சியம் மூன்றையும் பாருங்கள்.

மனநோய்க்கு க்ளோசாபின் சாப்பிடுகிறவர்களின் குடும்பத்தாருக்குத் தனியாகச் சொல்கிறேன். அந்த மருந்தால் வரும் மலச்சிக்கல் உயிரையே பறிக்கும் அளவுக்குப் போகக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. நோயாளிகள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் தினமும் கேட்க வேண்டும்.

47 வயது, திருச்சி: பவுடர், பாகு, மாத்திரை எல்லாம் முடிந்து இப்போது புருகாலோபிரைடு எழுதியிருக்கிறார்கள். இந்த வகை மருந்து இதயத்துக்கு ஆகாது என்று படித்தேன்.

நீங்கள் படித்தது அதன் முன்னோர்களைப் பற்றி. குடலின் செரட்டோனின் ஏற்பிகளைத் தூண்டி அசைவைக் கூட்டும் மருந்துகள் இவை. சிசாப்ரைடு இதயத் துடிப்பைக் குலைத்ததால் 2000-ல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. டெகாசெராட் இதய, பக்கவாத ஐயத்தால் 2007-ல் நிறுத்தப்பட்டது. புருகாலோபிரைடு குடலில் தனக்குரிய ஒரே ஏற்பியை மட்டும் தேடிப் பிடிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஐரோப்பாவில் 2009-லும் அமெரிக்காவில் 2018-லும் அனுமதி கிடைத்தது. பாலிஎதிலீன் கிளைகால் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டு ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளை அலசினார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் இதில் கூடுதலாக இல்லை.

நாளுக்கு 2 மில்லிகிராம், ஒரே வேளை. 65 தாண்டியவர்களுக்கு 1-ல் தொடங்குவது வழக்கம். சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்கும் 1 தான். முதல் ஓரிரு நாள் தலைவலி, குமட்டல், இளக்கம் இருக்கும். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், அதற்குப் பயந்து முதல் நாளே விட்டுவிடாதீர்கள். நான்கு வாரத்தில் பலன் இல்லாவிட்டால் தொடர்வதில் பொருள் இல்லை. நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் பதினெட்டு மாதம் வரை திருப்தி நீடித்தது. மனச்சோர்வு கூடுவதுபோல் தோன்றினால் மட்டும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதே படியில் வேறு இரண்டு மருந்துகளும் உண்டு. லூபிப்ரோஸ்டோன் குடலுக்குள் நீரைச் சுரக்க வைக்கும், 24 மைக்ரோகிராம் இரு வேளை. குமட்டும் என்பதால் சாப்பாட்டோடு சேர்த்து எடுங்கள். 2012-ல் அனுமதி பெற்ற லினாக்ளோடைடின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஈ.கோலை பாக்டீரியா ஒரு நச்சால் நமக்குப் பேதி உண்டாக்குகிறது. குடலில் அந்த நச்சு திறக்கும் பூட்டைக் கண்டுபிடித்து, அதே பூட்டை அளவாகத் திறக்கும் சாவியாக இந்த மருந்தைச் செய்தார்கள். வெறும் வயிற்றில், காலை உணவுக்கு அரை மணி முன்னால்.

இவற்றுக்குப் போகும் முன் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. சேலம் வாசகியின் கடிதத்தையும் படியுங்கள்.

33 வயது, சேலம்: மருந்தால் மலம் இளகித்தான் இருக்கிறது. ஆனாலும் அரை மணி நேரம் முக்கினாலும் வருவதில்லை. சில நாள் விரலால்தான்... எழுதவே கூசுகிறது. மூன்று டாக்டர்கள் மூன்று மருந்து மாற்றிவிட்டார்கள்.

கூசாதீர்கள் அம்மா, நீங்கள் எழுதிய அந்த அரை வரிதான் உங்கள் நோயின் பெயரைச் சொல்கிறது. மூன்று டாக்டர்களிடமும் அதைச் சொல்லியிருந்தால், அல்லது அவர்கள் கேட்டிருந்தால், இவ்வளவு அலைந்திருக்க மாட்டீர்கள்.

மலம் போக முக்கும்போது இடுப்புக்கு அடித்தளமாக இருக்கும் தசையும் ஆசனவாய்த் தசையும் தளர வேண்டும். சிலருக்கு அந்த நேரத்தில் அவை இறுகுகின்றன. முக்க முக்க வாசல் மூடுகிறது. தானாகவே அப்படிப் பழகிவிடுகிறது, அவர்களுக்கே தெரியாது. மலம் எவ்வளவு இளகினாலும் இந்தத் தடை தீராது. மருந்துக்கு அடங்காதது என்று முத்திரை குத்தப்பட்ட மலச்சிக்கலில் இதுவும் கலந்திருக்கிறது.

கண்டுபிடிப்பது எளிது. ஒரு சிறு பலூனை உள்ளே வைத்து 50 மில்லி தண்ணீர் நிரப்பி, தனியறையில் அதை வெளியேற்றச் சொல்வார்கள். பொதுவாக ஒரு நிமிடத்தில் வந்துவிட வேண்டும். கூடவே ஆசனவாய் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி பரிசோதனை. வலிக்காது. குடல்நோய்ப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளில் கேளுங்கள்.

இதற்குச் சிகிச்சை பயோஃபீட்பேக். தசை இறுகுவதையும் தளர்வதையும் திரையில் காட்டிக்காட்டிப் பழக்குவார்கள். இத்தாலியில் 2006-ல் வெளியான ஓர் ஆய்வில் 109 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஐந்து அமர்வுப் பயிற்சி, மறுபாதிக்குத் தினமும் பாலிஎதிலீன் கிளைகாலும் ஆலோசனையும். ஆறு மாதத்தில் பயிற்சி எடுத்தவர்களில் 80 சதவீதத்தினர் நன்றாக முன்னேறினார்கள், மருந்து சாப்பிட்டவர்களில் 22 சதவீதத்தினர். பயிற்சியின் பலன் இரண்டு வருடம் நீடித்தது. வருடக்கணக்கில் மருந்து எழுதுவதற்கு முன் இந்தத் தசையைப் பார்த்தாக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அதுவரை, மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்து முக்காதீர்கள்.

27 வயது, திண்டுக்கல்: என் பையனுக்கு 4 வயது. வாரத்துக்கு ஒரு தடவை, அழுது அழுதுதான் போகிறான். ஜட்டியில் கறை வேறு. மருந்து கொடுத்துச் சரியானதும் நிறுத்தினோம், இரண்டே வாரத்தில் பழையபடி.

சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள். ஒரு முறை வலித்ததால் குழந்தை அடக்குகிறான். அடக்க அடக்க மலம் இறுகுகிறது, மலக்குடல் விரிகிறது, விரிந்த குடலுக்கு நிறைந்தது தெரிவதில்லை. கறை அதன் விளைவு. தெரிந்து செய்வதில்லை, அதற்காக அவனை அடிக்கவோ கேலி செய்யவோ கூடாது.

முதலில் தேங்கியதை மருந்தால் காலி செய்து, பிறகு பாலிஎதிலீன் கிளைகால் தினமும். ஐரோப்பிய, அமெரிக்கக் குழந்தை நல வழிகாட்டி, 2014: குறைந்தது இரண்டு மாதம் மருந்து, தொந்தரவு முழுதாக அடங்கி ஒரு மாதம் ஆனபின்தான் மெல்லக் குறைப்பது. பல குழந்தைகளுக்கு இன்னும் பல மாதம் ஆகும். சாப்பிட்டதும் குடல் தானே அசையும். அந்த நேரத்தில் ஐந்து நிமிடம் உட்கார வைத்து, வந்தாலும் வராவிட்டாலும் பாராட்டுங்கள். பாட்டி சோப்புத் துண்டு வைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்போடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது எரியும், அவன் இன்னும் அடக்குவான்.

61 வயது, வேலூர்: ஆறு மாதத்துக்கு ஒரு முறை விளக்கெண்ணெய்?

நாள்பட்ட மலச்சிக்கலுக்கு உதவாது. கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது.

70 வயது, புதுச்சேரி: மலம் தங்கினால் அதன் விஷம் ரத்தத்தில் ஏறி எல்லா நோயும் வரும் என்கிறார்களே? குடலையே எடுத்துவிடும் ஆபரேஷன் இருக்கிறதாமே?

இந்த இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள், வரலாற்றிலும் அவை சேர்ந்தே வந்தன. நூறு வருடத்துக்கு முன் லண்டனில் சர் வில்லியம் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், குடலில் தங்கும் மலம் உடம்பையே நச்சாக்குகிறது என்று நம்பி, மலச்சிக்கல்காரர்களின் பெருங்குடலை அறுத்து எடுத்தார். 1922-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமானவர்களின் மலக்குடலில் பஞ்சை அடைத்துப் பார்த்தார்கள். மலச்சிக்கல்காரர்கள் சொல்லும் அதே தலைவலி, அதே மந்தம். பஞ்சை எடுத்ததும் அடங்கின. நச்சுக்கு வேலையே இல்லை, குடல் விரிவதே அந்த உணர்வைத் தருகிறது.

அறுவை இன்றும் உண்டு, மிக அரிதாக. குடலின் வேகத்தை அளக்க விழுங்கிய குறிமணிகள் ஐந்தாம் நாள் எக்ஸ்ரேயிலும் நிறையத் தங்கியிருந்து, குடல் மெதுவானது என்று உறுதியாகி, இடுப்புத் தசை சரியாக இருந்து, எல்லா மருந்தும் தோற்ற பிறகு. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

49 வயது, கரூர்: எப்போது பயப்பட வேண்டும்?

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, நெருங்கிய சொந்தத்தில் குடல் புற்றுநோய், 45-50 வயதுக்கு மேல் புதிதாக வந்த மலச்சிக்கல். இதில் ஒன்று இருந்தாலும் மருந்து மாற்றுவதற்கு முன் கொலோனோஸ்கோபி. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் போகவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரி. எந்தப் பேதி மருந்தும் வாயில் போடக் கூடாது.

55 வயது, சிவகாசி: ஒரு வருடமாகப் பவுடர் குடித்து நன்றாக இருக்கிறேன். என்றைக்காவது விட முடியுமா?

முயன்று பார்க்கலாம். மூன்று மாதம் தொடர்ந்து தொல்லை இல்லாமல் இருந்தால், அளவைக் கால்பங்கு குறையுங்கள். இரண்டு வாரம் பார்த்து இன்னொரு கால்பங்கு. திருமணம், பயணம், பண்டிகை வரும் மாதத்தில் இந்த முயற்சியை வைத்துக்கொள்ளாதீர்கள். பாதி அளவில் நின்றுவிட்டால் அதுதான் உங்கள் அளவு. முழுதாக விட முடிந்தால் பவுடர் ஒரு டப்பா வீட்டில் இருக்கட்டும், இரண்டு நாள் தவறினால் மூன்றாம் நாள் தொடங்கிவிடலாம். இறுகிய பிறகு தொடங்கினால் பலன் தெரிய நாளாகும். குறைக்கவே முடியவில்லை என்றால் பழைய அளவிலேயே இருங்கள். வருடத்துக்கு ஒரு முறை டாக்டரைப் பார்த்து, வேறு புதிய மாத்திரை எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று அவரிடம் பட்டியலைக் காட்டுங்கள்.